செருப்பைக் கையில் எடுக்கும் வெளி

என்றும் எனக்குரியவரே,

ஊரில் ஒரு கதை உலாவுகிறது. நீங்கள் உயிரோடு திரும்பி வருவீர்கள் என்று நான் காத்திருக்கிறேனாம். அதனால்தான் வாவிக்கரை வெளியில் வீடுகள் எழும்ப விடாமல் மறிக்கிறேனாம். இரண்டும் பிழை. நீங்கள் இறந்துவிட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும். வீடுகளுக்கும் நான் எதிரியல்ல.

வெளியை மண் போட்டு நிரப்பி, நூற்றுக்கணக்கில் வீடு கட்டப்போவதாகப் பிரதேச சபை அறிவித்திருக்கிறது. வாழைச்சேனைப் பக்கமிருந்து இடம்பெயர்ந்த சனம் இன்னும் பள்ளிக்கூட வகுப்பறைகளில்தான் படுக்கிறது. அவர்களுக்குக் கூரை வேண்டாமென்று சொல்ல நான் யார்?

ஆனால் சண்டைக் காலத்தில் ஊரைச் சுற்றிவளைத்த அந்த நாளில், துப்பாக்கிக்காரர்கள் உங்களையும் மற்ற ஆண்களையும் அந்த வெளிக்குத்தான் நடத்திப் போனார்கள். ஊரே பார்த்தது. ஒருவரும் திரும்பவில்லை. அடுத்த மாரியில் நடுவெளியில் ஓரிடம் தாழ்ந்தது. கோடையிலும் அங்கே மட்டும் புல் பச்சை. மாடு அதில் வாய் வைப்பதில்லை.

அதைப் பற்றி யாரும் பேசியதில்லை. வெளியைக் கடக்கிறவர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். வலையோடு போகிறவரும், விறகுக்குப் போகிறவளும். யார் தொடங்கியது? எனக்கும் நினைவில்லை.

போன கிழமை சபைத் தவிசாளர், வெளியூர் இன்ஜினியர் ஒருவரோடு இடம் பார்க்க வந்தார். ஆட்சேபணை உள்ளவர்களை அங்கேயே வந்து சொல்லச் சொன்னார்கள். போனோம்.

“வீடு வந்தா மறுகா என்ட மாட்டுக்கு மேச்சல் எங்க?” என்றார் பால்காரச் சீனித்தம்பி.

“மாட்ட வித்து வருசமாகுது. கயித்தயா மேய்க்கப் போறாய்?” என்றாள் உங்கள் தங்கை றோஸ்மேரி. சிலர் சிரித்தார்கள். பிறகு அவளும் வெள்ளத்தைப் பற்றித்தான் பேசினாள். எல்லோரும் எதையெதையோ பேசினார்கள். உங்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

இன்ஜினியர் எங்கள் கால்களைப் பார்த்தார். “முள்ளுக் கிடக்கு. ஏன் எல்லாரும் வெறுங்காலோட நிக்கிறீங்க?”

“சேறு ஐயா, செருப்பு ஒட்டும்” என்றார் சீனித்தம்பி. நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. காற்று நின்றிருந்தது. வாவியிலிருந்தும் ஒரு சத்தமில்லை.

அப்போதுதான் கவனித்தேன். வரைபடத்தை விரித்து, இது வீதி, இது கிணறு என்று காட்டிக்கொண்டிருந்த தவிசாளரும் வெறுங்காலோடு நின்றார். எங்கள் ஊர்ப் பிள்ளை. அவருடைய தோல் செருப்பு இரண்டும் அவர் கக்கத்தில் இருந்தன.

“மனே, உன்ட கக்கத்தில என்ன?” என்றேன்.

குனிந்து பார்த்தார். முகம் வெளிறியது. “பழக்கம், மாமி.”

“என்ன பழக்கம்? இவருக்குச் சொல்லு.”

“கதைக்காதீங்க மாமி. இப்பதான் சண்டை கொஞ்சம் ஓஞ்சிருக்கு.”

நான் படித்த கன்னியர் மடத்துப் பள்ளியில் எங்களை நேராக நிற்கப் பழக்கினார்கள். நேராக நின்று பொய் சொல்லப் பழக்கவில்லை. “வீட்டக் கட்டுங்க. அதுக்கு முதல் அந்தப் பச்சப் புல்லுக் கிடக்கிற இடத்தத் தோண்டுங்க, கையால, எங்க எல்லாருக்கும் முன்னால. என்ட புருசன் இஞ்சதான் கிடக்கிறார்” என்றேன்.

இன்ஜினியர் குனிந்து சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்தார்.

திரும்பும் வழியில் றோஸ்மேரி என் கையைப் பிடித்தாள். “உங்கட ஆட்சேபணைக் கடிதத்தில நானும் ஒப்பம் வைக்கிறன், மச்சாள். அண்ணன எத்தின நாளைக்கு மிதிக்காம சுத்திப் போறது?”

அங்கே நீங்கள் தனியாகவா இருக்கிறீர்கள்? யாருடைய அடுப்பு உங்கள் நெஞ்சுக்கு மேல் வரும்? அந்த வீட்டில் ஒரு குழந்தை தவழ்ந்தால் உங்களுக்குக் கேட்குமா? சில மாலைகளில், நான் கேட்கும் முன்பே நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது போலிருக்கிறது.

உங்களைச் சேமக்காலையில், உங்கள் தாயின் கல்லறைக்குப் பக்கத்தில் வைத்த பிறகுதான் நான் கண்ணை மூடுவேன். இது என் வாக்கு.

இதை வாசிக்கும் தவிசாளருக்கு: நானும் றோஸ்மேரியும் ஒப்பமிட்ட ஆட்சேபணை உங்கள் சபைக் கந்தோரில் இருக்கிறது; இந்தக் கடிதத்தையும் அதோடு சேர்க்கிறேன். மண் போடும் முன் தோண்டுவீர்களா, மாட்டீர்களா? வாயால் சொல்ல வேண்டாம். எழுத்தில் பதில் தாருங்கள்.

உங்கள் மனைவி,
ஞானம்மா