உதிராத செல்கள்

ஹால்வர்சன் துறை, விஸ்கான்சின்
2 ஜூன் 1997

அன்புள்ள வெர்னா அக்கா,

முழங்கால் வலி தேவலையா? இங்கே செர்ரிப் பூக்கள் கொட்டித் தீர்ந்துவிட்டன, ஏரிக் காற்று மட்டும் இன்னும் ஸ்வெட்டரைக் கழற்ற விடவில்லை. லைல் படகுக்குப் பெயிண்ட் அடிக்கிறேன் என்று பாதியைத் தன் மேலேயே அடித்துக்கொண்டு திரிகிறான். அப்பாவாகப் போகிறவன் மாதிரியா இருக்கிறான்! ஜோலினுக்கு ஜூலை இரண்டாம் வாரம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

அவளைப் பற்றித்தான் எழுத வந்தேன். மருமகள் நல்லவள்தான், ஆனால் ஆஷ்கோஷ் டவுனிலிருந்து வந்தவள். நம் கிணற்றுத் தண்ணீர் அவளுக்கு ஆகவில்லை. போன வாரம் மழை விட்டதும் குழாயில் கொஞ்சம் கலங்கலாக வந்தது. ஒரு கிளாஸில் பிடித்து வெளிச்சத்தில் காட்டுகிறாள்.

"அத்தை, டீ கலர்ல இருக்கு. இதுலயா நாளைக்குப் புள்ளைக்குப் பால் கலக்குறது?"

"முப்பது வருசமா இதத்தான்டி குடிக்கிறேன். எனக்கு என்ன ஆயிப்போச்சு?"

"உங்கள ஒண்ணும் பண்ணாது அத்தை. கிருமிக்கே உங்களக் கண்டா பயம்."

லைல் சிரிக்கிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேட்டில் புதிதாக வந்த கோடை வீடுகளின் கழிவுத் தொட்டியெல்லாம் பாறை வெடிப்பு வழியாக நம் கிணற்றுக்குத்தான் வருகிறதாம், எங்கோ படித்தாளாம். கடையிலிருந்து பிளாஸ்டிக் பாட்டிலாக வாங்கி அடுக்குகிறாள். ஊரில் யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்?

முப்பது வருஷமாக ஆய்வுக்கூடத்தில் அந்தக் குரங்குச் சிறுநீரகச் செல்களைக் கட்டிக்கொண்டு அழுகிறாயே, ஒரு தடவை நம் வீட்டுக்காகவும் அவற்றை வேலை செய்யச் சொல். உன் கையால் ஒரு காகிதம் வந்தால் அவள் வாய் மூடும்.

உன் தங்கை,
சிக்னே


மில்வாக்கி
21 ஜூலை 1997

என் சிக்னேவுக்கு,

பாட்டியம்மாவுக்கு முதலில் வாழ்த்து. பிரிட்டா என்று பெயர் வைத்ததற்கு லைலுக்குத் தனி முத்தம். போட்டோவில் நெற்றி நம் அப்பா நெற்றி.

நல்ல செய்தி. உன் தண்ணீரில் வைரஸ் இல்லை. நான் அனுப்பிய வடிகட்டியைச் சொன்னது சொன்னபடி குழாயில் மாட்டி, நானூறு கேலன் ஓடவிட்டு, ஐஸில் வைத்து அனுப்பினாயே, இங்கே பலர் அதில்தான் கோட்டை விடுவார்கள். அதில் சிக்கியதை எல்லாம் கழுவி இறக்கி, ஒரு காபிக் கோப்பை அளவுக்குச் சுருக்கி, பாதியை என் குரங்குச் செல்களின் மேல் ஊற்றினேன். மீதியை உறைபெட்டியில் வைத்திருக்கிறேன், அது எங்கள் பழக்கம். நல்ல செல்கள் குடுவையின் அடியில் தளம் போட்ட மாதிரி நெருங்கிப் படிந்திருக்கும். வைரஸ் இருந்தால் உருண்டு திரண்டு உதிர்ந்துவிடும், தளத்தில் ஓட்டை விழும். இருபத்தெட்டு நாள் தினமும் பார்த்தேன். ஒன்றுகூட உதிரவில்லை.

ஒப்பிடுவதற்காக நாங்களே வைரஸ் விட்ட குடுவையும் பக்கத்திலேயே இருக்கும். அது உதிர்ந்தாக வேண்டும், உதிர்ந்தது. ஒன்பதாம் நாள். பக்கத்து மேஜை மார்லாவின் புதுச் செல்கள் என்றால் மூன்றாம் நாளே கொட்டிவிடும். "உன்னுதுங்களுக்குக் காது மந்தமாயிடுச்சு வெர்னா, தூக்கிப் போடு" என்று கேலி செய்கிறாள். என் செல்களும் என் பெண்கள்தானே, என்னைப் போல நிதானமாகத்தான் செய்வார்கள் என்றேன். வாரா வாரம் பிரித்துப் புதுக் குடுவைக்கு மாற்றி, இது முந்நூற்றுப் பன்னிரண்டாவது தலைமுறை. இருநூற்றைம்பதோடு நிறுத்திவிட்டு உறைந்த குப்பியிலிருந்து புதிதாக எடுக்க வேண்டும் என்று விதி. விதி எழுதியவர்கள் என் கையைப் பார்த்ததில்லை.

அறிக்கை இத்துடன் இருக்கிறது. ஃபிரிட்ஜில் ஒட்டிவை. ஜோலினை ரொம்பக் கிண்டல் செய்யாதே, முதல் குழந்தை.

அன்புடன்,
வெர்னா


ஹால்வர்சன் துறை
30 ஜூலை 1997

அன்புள்ள அக்கா,

உன் காகிதம் ஃபிரிட்ஜில் மீன் காந்தத்துக்குக் கீழே ஜம்மென்று இருக்கிறது. வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு வந்த போதகர்கூடப் படித்துவிட்டு, "உங்க அக்கா பெரிய ஆளுதான்" என்றார்.

ஜோலின் மூன்று முறை படித்தாள். "இருந்தாலும் கொதிக்க வச்சுக்கிறேனே அத்தை" என்றாள். எனக்கு வந்ததே கோபம்! "எங்கக்கா நாலு வாரம் கண்ணுல வெளக்கெண்ண விட்டுப் பாத்துருக்கா. அவள விட ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். கொதிக்க வைக்க எடுத்த பாத்திரத்தைத் திரும்ப வைத்துவிட்டாள். மிச்சமிருந்த பாட்டில் தண்ணீரை நானே தக்காளிச் செடிக்கு ஊற்றிவிட்டு, காலிப் பாட்டிலை எல்லாம் குப்பைமேட்டில் போட்டு வந்தேன். தாய்ப்பால் போதாததால் பிரிட்டாவுக்குப் பால்பவுடர்தான். நம் குழாய்த் தண்ணீரில்தான் கலக்கிறோம். கன்னம் இரண்டும் பன் மாதிரி உப்பியிருக்கிறது.

நீ எப்போது வருகிறாய்?

சிக்னே


ஹால்வர்சன் துறை
29 ஆகஸ்ட் 1997

அக்கா,

புதன்கிழமை பிரிட்டாவை அடக்கம் செய்தோம். பெட்டியை லைல் ஒருவனே தூக்கினான். அவ்வளவு சின்னப் பெட்டி செய்து கடையில் வைத்திருக்கிறார்கள் என்பதே எனக்குத் தெரியாது.

நீ வரவில்லை. காய்ச்சல் என்றாய். பரவாயில்லை, உடம்பைப் பார்த்துக்கொள்.

எனக்கு இன்னும் புரியவில்லை அக்கா. இருபதாம் தேதி காலையில் பால் குடிக்க மாட்டேன் என்றாள். மதியம் உடம்பு அனலாய்க் கொதித்தது. சாயங்காலம் உதடு நீலம். ஹெலிகாப்டரில் கிரீன் பே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆறு வாரக் குழந்தைக்கு இதயம் வீங்கிவிட்டது என்கிறார் டாக்டர். காக்சாக்கி என்று ஒரு வைரஸாம். நாலு நாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் மணி அடிக்கும் நேரத்தில் போய்விட்டாள். கொடியில் அவள் துணி இன்னும் காய்கிறது, எடுக்கக் கை வரவில்லை. நீ அவளைப் பார்க்கவே இல்லை. ஊறுகாய்க்கு வினிகர் அளவு கேட்டுப் போன் செய்தாயே, அன்றைக்குப் பின்னால் அழுதாள், அந்தக் குரல் ஒன்றுதான் உனக்கு.

டாக்டர் "கூட்டத்துக்கு எங்கயாவது கொண்டு போனீங்களா?" என்று கேட்டார். பதினாறாம் தேதி ஜோலின்தான் அவளைச் சந்தைத் திருவிழாவுக்குத் தூக்கிப் போனாள். கன்றுக்குட்டி காட்டப் போனாளாம். பார்த்தவர்கள் எல்லாம் கொஞ்சியிருக்கிறார்கள். என்னால் வாயைக் கட்ட முடியவில்லை. அடக்கம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்டேன்: "பச்சப் புள்ளையக் கூட்டத்துல கொண்டு போயி காட்டினியே, இப்பக் குளுந்துச்சா ஒனக்கு?"

தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள். அன்றைக்கே ஆஷ்கோஷில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். லைலும் தடுக்கவில்லை. அவனும் அதைத்தான் நினைக்கிறான், சொல்லத்தான் இல்லை.

உனக்குத்தான் வைரஸ் தெரியும். சந்தையிலிருந்து வந்திருக்குமா? நீ சொன்னால் நம்புவேன்.

சிக்னே


மில்வாக்கி
5 செப்டம்பர் 1997

என் சிக்னேவுக்கு,

என்ன எழுதுவது என்று தெரியாமல் நாலு காகிதம் கிழித்துவிட்டேன். அடக்கத்துக்கு வராததற்கு என்னை மன்னித்துவிடு.

நீ கேட்டதற்குச் சொல்கிறேன். கோடையில் இந்த வைரஸ் எங்கும் சுற்றும். கையிலிருந்து கைக்கு, முத்தத்திலிருந்து வாய்க்கு. சந்தையிலிருந்தும் வரலாம். வராது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஜோலினைத் திட்டாதே. சின்னப் பெண். வேண்டுமென்றா செய்தாள்?

மழை நிறையப் பெய்கிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். கொஞ்ச நாளைக்குத் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள். எல்லோருக்கும் பொதுவாகச் சொல்வதுதான். அந்தக் காகிதத்தையும் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துவிடு. பார்க்கும்போதெல்லாம் பழைய பேச்சு ஞாபகம் வரும்.

அன்புடன்,
வெர்னா


மில்வாக்கி
22 செப்டம்பர் 1997

சிக்னே,

இதை உட்கார்ந்து படி. பக்கத்தில் லைல் இருந்தால் அவனையும் கூப்பிட்டு உட்கார வை.

உன் கிணற்றில் வைரஸ் இருந்தது. ஜூனிலேயே இருந்தது. என் செல்களுக்குத்தான் அது தெரியவில்லை.

வருஷத்துக்கு ஒரு முறை எல்லா ஆய்வுக்கூடங்களுக்கும் பெயர் இல்லாத குப்பிகளை அனுப்பிப் பரீட்சை வைப்பார்கள். எதில் வைரஸ் இருக்கிறது என்று நாங்கள் கண்டுபிடிக்க வேண்டும். மார்லாவின் செல்கள் பத்தில் பத்தும் பிடித்தன. என்னுடையவை ஒன்றே ஒன்றைப் பிடித்தன. முந்நூறு தடவைக்கு மேல் மாற்றி மாற்றி வளர்த்ததில், வைரஸ் ஊற்றினாலும் சாகாத செல்கள்தான் மிஞ்சியிருக்கின்றன. அதை நான் ஆரோக்கியம் என்று நினைத்தேன். ஒன்பதாம் நாள் உதிர்ந்ததை நிதானம் என்று உனக்கு எழுதினேனே, அந்த வரியை நினைத்தால் எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது.

உறைபெட்டியில் இருந்த உன் தண்ணீரின் மீதியை எடுத்து மார்லாவின் செல்களில் ஊற்றினேன். தளம் முழுவதும் உதிர்ந்து குடுவையில் மிதந்தது. அதை அனுப்பி வகை பார்க்கச் சொன்னேன். வெள்ளிக்கிழமை பதில் வந்தது. காக்சாக்கி பி நான்கு. கிரீன் பே ஆஸ்பத்திரியில் பிரிட்டாவிடம் எடுத்த மாதிரியும் அதே பி நான்கு.

ஜோலின் சொன்னதுதான் சரி. கொதிக்க வைத்திருந்தால் போதும். சந்தையில் ஒன்றும் நடக்கவில்லை.

இதை எழுத வேண்டாம் என்று எங்கள் மேலாளர் சொன்னார். வக்கீல் பார்க்க வேண்டுமாம். மார்லா, "அவரு கெடக்குறாரு, நீ எழுது. இல்லன்னா இனிமே என் பக்கத்துல ஒக்காந்து சாப்பிடாத" என்றாள்.

நான் எதையும் மறைக்க விரும்பவில்லை. பரீட்சை முடிவு வந்தது ஆகஸ்ட் எட்டு. உன் தண்ணீர் புதுச் செல்களை உதிர்த்தது ஆகஸ்ட் பதினெட்டு. எட்டாம் தேதியே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஒருவேளை உன் தண்ணீர் நிஜமாகவே சுத்தமாக இருக்கலாம், ஒரு முறை பார்த்துவிடலாம், சுத்தமாக இருந்தால் என் தப்பு யாருக்கும் தெரியாமலே போகும் என்று நினைத்தேன். பதினெட்டாம் தேதி, இன்னொரு முறை பார்க்கலாம் என்று நினைத்தேன். அப்புறம் லைல் போன் செய்தான். போன கடிதத்தில் சந்தையைச் சொன்னபோது எனக்கு முக்கால்வாசி தெரியும். பயந்துவிட்டேன் சிக்னே. அதற்கு மேல் காரணம் இல்லை.

என் குடுவைகளை எல்லாம் கொதிநீராவியில் போட்டு அழித்துவிட்டேன். வேலையிலிருந்து விலகுகிறேன். நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். எழுது.

வெர்னா


ஹால்வர்சன் துறை
1 அக்டோபர் 1997

வெர்னாவுக்கு,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நானும் லைலும் ஆஷ்கோஷ் போனோம். ஜோலின் வாசல் கதவைத் திறந்தாள், உள்ளே கூப்பிடவில்லை. நின்றபடியே படித்தாள். நான் அவளிடம், "தப்பு ஒன் மேல இல்லம்மா. பாட்டிலத் தூக்கிப் போட்டவ நான். கொதிக்க வேணாம்னு சொன்னவ நான்" என்றேன். காலில் விழக்கூட நினைத்தேன். அவள் காகிதத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. தேதி வருகிற இடத்தை மட்டும் விரலால் தடவித் தடவிப் படித்தாள்.

"இத நான் வச்சுக்கிறேன்" என்றாள். லைலை மட்டும் உள்ளே விட்டாள். நான் காரில் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து சமையலறைக் காலண்டரைத் திருப்பினேன். ஆகஸ்ட் எட்டு வெள்ளிக்கிழமை. அடுத்த நாளுக்கு அடுத்த நாள், பத்தாம் தேதி, ஞாயிறு. அந்தக் கட்டத்தில் என் கையெழுத்தில் 'அக்கா, வினிகர்' என்று இருக்கிறது.

நீ போன் செய்தாய். இருபது நிமிஷம் பேசினோம். வெள்ளரிக்காய்க்கு வினிகர் எத்தனை கப் என்று கேட்டாய். குழந்தை அழுதது. "பசியா அவளுக்கு?" என்று கேட்டாய். "ஜோலின் பால் கலக்கிட்டிருக்கா, இதோ குடுத்துருவா" என்றேன். நீ, "சரி சரி, குடுக்கச் சொல்லு" என்றாய்.

முந்நூறு தடவை செல் மாற்றியதை என்னால் மன்னிக்க முடியும். நானும் தெரியாமல்தான் அவள் வாயை அடைத்தேன். என் பங்கை நான் சாகும்வரை சுமக்கிறேன். ஆனால் அந்த 'குடுக்கச் சொல்லு' என் காதிலேயே இருக்கிறது. பாத்திரம் கழுவினால் கேட்கிறது. குழாயைத் திறந்தால் கேட்கிறது.

இனி ஞாயிற்றுக்கிழமை போன் செய்யாதே. எனக்கு எழுதவும் வேண்டாம். ஜோலினின் முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன். எழுதுவதானால் அவளுக்கு எழுது. அவளிடம் இருக்கும் கடிதத்தில் பத்தாம் தேதி இல்லை. அதை அவளுக்கு நான் சொல்லவில்லை. நீ சொல்.

சிக்னே