உறையைக் கழட்டிட்டேன், கோவிச்சுக்காத

கண்ணு, எந்திரிச்சியா? தையல் போட்ட இடம் இன்னைக்கு வலிக்குதா? நீ மறுபடி அசந்து தூங்கிட்ட, எழுப்ப மனசு வரல. ஊர்ல அப்பா கால்ல கட்டோட தனியா இருக்கார், நான் கிளம்பறேன். சாப்பாடு அடுப்பு மேல மூடியிருக்கு. சாவியைக் கதவுக்கு அடியில தள்ளிடறேன்.

நேத்து "நீ குழந்தையைத் தொடவே வேணாம்மா"ன்னு சொன்ன. சரி. ஆனா விடியக்காலையில அவன் கை உறையைக் கழட்டிட்டேன். கழட்டினதும் முஷ்டியை வாயில வச்சுச் சப்பறான், நாக்கை நீட்டறான், என் கழுத்துல வாயை வச்சுத் தேடறான். கிழவிகிட்ட என்னடா இருக்குன்னேன். பசிச்சா அவன் அப்படித்தான்டி கேக்கறான். உறைக்குள்ள நமக்குத் தெரியல.

உன்னை எழுப்பச் சொன்னா, மாப்பிள்ளை "இன்னும் ஃபோன்ல பால் குடுக்கற அலாரம் அடிக்கலையே அத்தை"ங்கறார். அது அடிக்கறதுக்குள்ள அவன் அழுது ஓஞ்சுட்டான். அப்புறம் மார்ல போட்டா முகத்தைத் திருப்பிக்கறான். நீ "என்னை இவனுக்குப் பிடிக்கலம்மா"ன்னு அழற. வாயைத் திறந்தா சண்டையாகுதே, என்ன பண்றது?

வண்டி வந்துடுச்சு.

நகத்தை அவன் தூங்கறப்ப வெட்டிட்டேன், கன்னத்தைக் கீறிக்க மாட்டான்.

இன்னொண்ணு. பிடிக்காம இல்லடி. அழுது களைச்ச வாய்க்குப் பிடிச்சுக் குடிக்கத் தெம்பில்ல, அவ்வளவுதான். என் கழுத்துலயும் உன்னைத்தான் தேடினான். அடுத்த தடவை முஷ்டியைச் சப்பினதுமே தூக்கிப் பாரு. குடிச்சானான்னு எனக்கு எழுது. திட்டியாவது எழுது.

அம்மா