உட்காரச் சொன்னவளுக்கு

என் மேசைமேல் ஒரு கட்டு முருங்கைக்காய் கிடக்கிறது. அறை முழுக்கப் பச்சை வாசம். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவரின் மனைவி சற்றுமுன் கொண்டுவந்து வைத்தாள். கொலை வழக்கில் உள்ளே இருந்த அவள் புருஷனுக்கு இன்று விடுதலை. ஜெயித்துவிட்டோம்டி!

முருங்கைக்காயைக் கண்டதும் நீதான் வந்து நின்றாய். வக்கீலாகிச் சில வருஷம் ஓடியும் குறுக்கு விசாரணை என்றால் நம் இருவருக்கும் பயம்தான். நாமே பழகிக்கொள்வோம் என்று ஞாயிறுதோறும் சர்ச் முடிந்ததும் என் வீட்டுக்கு வந்துவிடுவாய். சமையலறையிலிருந்து ஒரு முருங்கைக்காயை உருவி, "இதாண்டி அருவா" என்பாய். ஸ்டூல்தான் கூண்டு. எப்போதும் நீதான் சாட்சி. அம்மாடி, என்னமாய்ப் பொய் சொல்வாய்!

எனக்கு வாய் நிற்காது. நீ வசமாக மாட்டிக்கொண்ட இடத்திலும், "அப்புறம் எப்படி?" என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்பேன். உடனே ஒரு காரணம் சொல்லித் தப்பிவிடுவாய். "ஏண்டி, நானே மாட்டிக்கிட்டேன், நீ எதுக்குக் கதவைத் தொறந்து விடுற? கேட்டது கெடச்சா செத்த பேசாம உக்காரு!" என்று திட்டுவாய்.

இந்த வழக்கை உன் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பழகினேன். நர்ஸ் திட்டத் திட்டப் படுத்துக்கொண்டே சாட்சி சொன்னாய். அன்றும் நான் ஒரு கேள்வி கூடக் கேட்டேன். "போச்சு, உன் கட்சிக்காரருக்கு ஆயுள் தண்டனை" என்று கண்ணை மூடிக்கொண்டாய். விசாரணை தொடங்குமுன் போயே போய்விட்டாய். உன்மேல் எனக்கு அப்படியொரு கோபம்.

வெட்டுப்பட்டுக் கிடந்த வியாபாரியைத் தூக்கப் போனவர் நம் ஆள். சட்டையெல்லாம் ரத்தம், அவரையே பிடித்துக்கொண்டார்கள். அவர் வெட்டியதைக் கண்ணால் பார்த்தேன் என்று ஒரு லாரி டிரைவர் சாட்சி சொன்னார். அவர் ஒருவர்தான் சாட்சி.

"அலறல் கேட்டுத்தானே வண்டியை விட்டு இறங்கினீங்க?"

"ஆமாங்க."

"அதுவரைக்கும் அந்தப் பக்கம் பாக்கலை?"

"இல்லீங்க. சத்தங் கேட்டுத்தானுங்க ஓடுனேன்."

அப்புறம் எப்படி வெட்டியதைப் பார்த்தீர்கள்? நாக்கு நுனியில் துடித்தது. கேட்டிருந்தால், ஓடும்போது இரண்டாவது வெட்டைப் பார்த்தேன் என்று ஏதாவது சொல்லியிருப்பார். மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நீதிபதியே நிமிர்ந்து பார்த்தார். அரசு வக்கீலுக்கு உறைக்கவே இல்லை. மேற்கொண்டு கேட்க ஒன்றுமில்லை என்றார். தீர்ப்பில் நீதிபதி அந்த ஒரு பதிலைத்தான் எடுத்துப் போட்டு, இவர் பார்த்ததாகச் சொல்வதை நம்ப முடியாது என்று எழுதியிருக்கிறார்.

"அக்கா, அன்னைக்கு ஏனுங்க பாதியிலயே உக்காந்துட்டீங்க? நான் பயந்தே போயிட்டனுங்க" என்று கேட்டாள் முருங்கைக்காய் கொண்டுவந்தவள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. உன்னைப் பற்றி எங்கே ஆரம்பித்துச் சொல்வது?

டிரைவரிடம் கேட்காமல் விட்ட அந்தக் கேள்வியை இன்னும் நான் யாரிடமும் கேட்கவில்லை, பத்திரமாக வைத்திருக்கிறேன். நம் ஆள் இன்று ராத்திரி வீட்டுச் சோறு சாப்பிடுகிறார்.