கூண்டில் ஏறி ‘நான்தான்’ என்றவள்

நவ. 10, திங்கள்
காலையில் தூறல். பிரஸ்ஸில் காலண்டர் சீசன், பேப்பர் ஈரம் இழுக்கிறது என்று போர்மேன் புலம்பல்.

சாயங்காலம் நூலகத்தில் நாடக ஒத்திகை. பிரெஞ்சுப் புரட்சிக் கதை. தலைகளை வெட்டச் சொல்லிப் பத்திரிகையில் எழுதிக்கொண்டே இருந்த ஒரு தலைவர். வெளியூரிலிருந்து தனியாக வந்து அவரைக் கத்தியால் குத்திக் கொன்றவள் ஒரு பெண். ஓடவில்லை, நின்றாள். அந்தப் பெண் நான்! அவளுக்கு இருபத்துநாலு, எனக்கு முப்பத்தொன்பது.

“வயசு கெடக்கு மாரி, குரல் இருக்குல்ல” என்றார் வாசுகி டீச்சர். அவர்தான் நாடகம் எழுதியவர்.

நவ. 12, புதன்
வாங்க: ஊக்கு, வெள்ளைத் துணி, தக்காளி.

வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார். “ஒனக்குக் கொலகாரி வேசந்தான் கெடச்சுச்சா?”

“நல்லவளா நடிச்சா வசனமே இல்லீங்க.”

சிரிப்பை அடக்கிக்கொண்டு சோற்றைப் பிசைந்தார்.

அவள் செய்தது சரியா? ஒருவரைக் கொன்றால் தலைவெட்டு நிற்கும் என்று நம்பினாள். நிற்கவில்லை, கூடிப்போச்சு என்கிறார் டீச்சர். மனசு ஒருநிலையில் இல்லை.

நவ. 15, சனி
நாடகம் முடிந்தது. இன்னும் கை சூடாக இருக்கிறது.

தீபாவளி முடிந்து பட்டாசு ஆலைகள் மூடியிருப்பதால் பக்கத்து ஊர் நாரணாபுரத்துப் பெண்கள் நிறைய. குத்தும்போது அட்டைக் கத்தி வளைந்தது. யாரோ சிரித்தார்கள். அடுத்து கோர்ட்டுக் கூண்டில் ஏறினேன். நீதிபதியாக டீச்சர்: “உன்னைத் தூண்டியது யார்?”

“யாருமில்லை. நான்தான் செய்தேன்.”



முடிந்ததும் நாரணாபுரம் செல்வி அக்கா வந்து கையைப் பிடித்தாள். ஆறு வருஷத்துக்கு முன் பட்டாசு ஆலை வெடி விபத்தில் அவள் புருஷன் போனார்.

“அவ செஞ்சது எனக்குப் புடிக்கல மாரி. கொல கொலதான். ஆனா எங்க வீட்டு ஆளு செத்தப்ப, யாரு பொறுப்புன்னு கேட்டதுக்கு ஆலையில ஒரு பய ஒத்துக்கல. ‘எனக்குத் தெரியாது’, ‘எனக்குத் தெரியாது’ன்னே சொன்னானுக. ‘நாந்தான்’னு ஒரு ஆளு நின்னு சொல்லி இன்னைக்குத்தான் கேட்டேன்.”

முகப்பூச்சு கலைய அழுதேன். பெருமையில்தான். என் குரல் அது.

நவ. 16, ஞாயிறு
வெயில். இடுப்பு வலி. துணி ஊறுகிறது.

செல்வி அக்கா போன். நாரணாபுரத்திலும் நாடகம் போடணுமாம். கோயில் முன்னால் இடம் கேட்டுவிட்டாளாம். அவளுக்கும் ஒரு வேஷம் வேண்டுமாம்.

“என்ன வேசம்க்கா?”

“கேள்வி கேக்குற வேசம்.”