மூடியில் விட்ட விரலகலம்

என் அன்பு மணியண்ணா,

உன் சாவிக்கொத்து இப்போது என்னிடம்தான் இருக்கிறது. சாவிகளோடு அந்தக் கட்டைவிரல் நீள டின் ஓப்பனரும். சாவிகளை அவரவரிடம் கொடுத்துவிடலாம். இதை யாரிடம் கொடுப்பேன்?

சனிக்கிழமைதோறும் சாலைக் கடைவீதியிலிருந்து அன்னாசிப்பழ டின் வாங்கி வருவாய். ஊரெல்லாம் கைதச்சக்கை என்று அன்னாசிப்பழம் மலிந்து கிடக்க, இவன் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறான் என்று கேலி செய்வேன். ஆனால் பல்செட் போட்ட அம்மாவுக்கு அந்த மெத்தென்ற துண்டுதானே இறங்கியது. அவளோ, எவர் கை பட்டதோ என்று டின்னை அடுக்களைக்குள் விடமாட்டாள். கொல்லையில் துணி துவைக்கும் கல்லின்மேல் வைத்து நீ திறப்பாய். பின்வாசல் படியில் உட்கார்ந்து, ஆசாரமெல்லாம் மறந்து, கிண்ணத்தைக் காலி செய்வாள்.

இப்போதும் சனிக்கிழமை சாயங்காலம் அந்தப் படிக்கு வந்துவிடுகிறாள். மணி வந்தாச்சோ என்று கேட்கிறாள். உன்னைக் கிடத்தியிருந்தபோது தலைமாட்டில் உட்கார்ந்து அழுதவள்தான். மறதி என்கிறார் டாக்டர். முதலில் உண்மையைச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அப்போதுதான் கேட்டவள்போல் துடித்தாள். பிறகு, வருவான் என்று சொல்லப் பழகிவிட்டேன். சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய் அழுவேன். எவ்வளவு நாள் இப்படிப் பொய் சொல்ல முடியும், அண்ணா?

சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. அதனால் போன வாரம் நானே டின் வாங்கி வந்தேன். அதே கல்லின்மேல் வைத்து, ஓப்பனரை விளிம்பில் மாட்டி, அழுத்தி அழுத்தி நகர்த்தினேன். நீ செய்தபோது விளையாட்டுப்போல் இருந்தது. எனக்குக் கட்டைவிரல் கன்றிப்போயிற்று. சுற்றிலும் முழுக்க வெட்டிவிட்டதில் மூடி பாகுக்குள் விழுந்தது.

டக் டக் சத்தம் கேட்டு அம்மா உள்ளேயிருந்து வேகமாக வந்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு டின்னுக்குள் பார்த்தாள். நீ ஒருநாளும் முழுக்க வெட்டியதில்லை. விரலகலம் விட்டு, மூடியை அப்படியே நிமிர்த்தி வைப்பாய்.

"மணி இப்படி வெட்டமாட்டானே," என்றாள். படியில் மெல்ல உட்கார்ந்தாள். "அவன் இனி வரமாட்டான், இல்லியாடி?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவள் அழவில்லை. கிண்ணத்தை வாங்கி ஒரு துண்டைத் தின்றாள்.

"அடுத்த தடவை கொஞ்சம் விட்டு வெட்டு, கேட்டியா. அவன் வெட்டற மாதிரி."

நாளை சனிக்கிழமை. டின் வாங்கி வைத்திருக்கிறேன். விரலகலம் விட்டுத்தான் வெட்டுவேன். அம்மா எல்லாவற்றையும் மறந்து, மணி வந்தாச்சோ என்று மறுபடி கேட்டாலும் கேட்பாள். இனி பொய் சொல்லமாட்டேன், அண்ணா. குளியலறைக்கும் ஓடமாட்டேன். அந்தப் படியிலேயே, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு பேருமாக அழுதுகொள்வோம்.

கட்டைவிரல் வலி இன்னும் ஆறாத
உன் தங்கை,
ராஜி
கரமனை