எது தூரம்

லேக் கார்டன்ஸ், கொல்கத்தா
நவம்பர் 12

அன்புள்ள மாதவிக்கு,

அக்கா சகுந்தலா எழுதுவது. இங்கே நானும் இவரும் நலம். பெங்களூரில் நீயும் சிவராமும் குழந்தைகளும் சுகம் என்று தெரியும். எப்படித் தெரியும் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் என்றால் நீ குறுக்கே பேசுவாய், நான் கோபத்தில் வைத்துவிடுவேன்.

துர்கா பூஜோவுக்கு அம்மா சென்னையிலிருந்து இங்கே வருவதாக இருந்தது. டிக்கெட் எடுத்து, பால்கனி அறையை ஒழித்து, பக்கத்து வீட்டு பௌதி, அந்த வங்காளி அண்ணி, அவளிடம்கூடச் சொல்லி வைத்திருந்தேன். கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது அம்மா போன் செய்து, கல்கத்தா ரொம்ப தூரம்டி, என்னால் முடியாது என்றாள். மறுநாளே நீ காரில் போய் அவளைப் பெங்களூருக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாய். உன் வீட்டுக்கு ரோட்டில் ஏழு மணி நேரம். இங்கே விமானத்தில் இரண்டேகால் மணி. எது தூரம் என்று இவரிடம் கேட்டேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனார்.

பொறாமைதான், ஒத்துக்கொள்கிறேன். உன் இரண்டு பிரசவத்துக்கும் அம்மா வந்தாள். என் ஒரே பிரசவத்துக்கு, ரயிலில் ஒன்றரை நாள் உட்கார முடியாது என்று வரவில்லை. அதை நான் இன்னும் மறக்கவில்லை.

போன மாதம் ஒரு நாள், இங்கே பக்கத்தில் டாக்குரியாவில் சிநேகிதி லதா வீட்டுக்குப் போகிறேன் என்று இவரிடம் சொல்லிவிட்டு, காலை விமானத்தில் பெங்களூர் வந்தேன். உன்னையும் அம்மாவையும் நேரில் கேட்டுவிட வேண்டும் என்று ஒரு வேகம். ஏர்போர்ட்டிலிருந்து உன் வீட்டுக்கு டாக்ஸியில் இரண்டு மணி நேரம் ஆனது. கேட்க வேண்டியதையெல்லாம் வழி முழுக்க மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

உன் கேட்டில் கை வைத்தபோது, வராந்தாவில் நீ அம்மாவை நாற்காலியிலிருந்து எழுப்பிக்கொண்டிருந்தாய். உன் கழுத்தைக் கட்டிக்கொண்டு எழுந்தாள். அவள் புடவை பின்பக்கம் நனைந்திருந்தது. பரவாயில்லைம்மா, பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டே உள்ளே நடத்திப் போனாய். வாசற்படி தாண்டவே எவ்வளவு நேரம் ஆனது. தனியாக விமானத்தில் அவளால் ஏன் வர முடியாது என்று அப்போதுதான் புரிந்தது. காரில் நீ வழியில் எத்தனை இடத்தில் நிறுத்தினாயோ.

கேட்டைத் திறக்காமல் அதே டாக்ஸியில் ஏர்போர்ட்டுக்குத் திரும்பி, அன்றைக்கே விமானத்தில் வீடு வந்துவிட்டேன். அவள் மறைத்ததை நான் பார்த்துவிட்டேன் என்று அவளுக்குத் தெரிய வேண்டாம் என்று தோன்றியது.

பொறாமை தீர்ந்ததா என்றால் இல்லை, கூடித்தான் போயிருக்கிறது. தன் ஈரப் புடவையை உன்னிடம் காட்டுகிறாள். என்னிடம் தூரம் என்று சாக்கு சொல்கிறாள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். மார்கழி முழுக்க நான் அங்கே வந்து இருக்கிறேன். உனக்கு முதுகு வலி, அக்காவைக் கூப்பிட்டிருக்கிறேன் என்று அம்மாவிடம் நீயே சொல்லு. நானாக வந்தால் கூச்சப்படுவாள். புடவை மாற்றிவிட எனக்கும் தெரியும், மாதவி.

அம்மாவுக்கு என் நமஸ்காரம். இந்தக் கடிதம் அவள் கண்ணில் பட வேண்டாம். நீ சரியான நேரத்துக்குச் சாப்பிடு. உன் கைக்கும் முதுகுக்கும் காளி பலம் கொடுக்கட்டும்.

உன் அக்கா,
சகுந்தலா