பாப்பா போட்ட கும்பிடு

ஏனுங்க,

போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே வைத்துவிடுகிறீர்கள், அதனால் எழுதுகிறேன்.

உடுமலைக் கல்யாணத்துக்கு, எனக்குப் பிரசவம் பார்த்த உங்கள் டாக்டர் சித்தப்பாவும் வந்திருந்தார். "தாத்தாவுக்குக் கும்பிடு போடு கண்ணு," என்று அத்தை பழக்கத்தில் சொல்லிவிட்டார். பாப்பா இடது கையால் வலது கையைத் தூக்கிவந்து சேர்த்துக் கும்பிட்டாள். சித்தப்பா செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

பிறக்கும்போது தோள் சிக்கிக்கொள்ள, தலையைப் பிடித்து இழுத்ததில் கை நரம்பு அறுந்தது என்று கோவை டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார். அவளுக்கு இரண்டு வயது முடிவதற்குள் நுகர்வோர் கோர்ட்டில் கேஸ் போட வேண்டுமாம். "பாப்பாவோட அப்பாவும் கூட வந்தா நல்லதுங்க," என்றார் வக்கீலம்மா. சொந்தத்துக்குள் கேஸா என்று நீங்கள் கேட்டதை அவரிடம் சொல்லவில்லை.

திங்கட்கிழமை போகிறேன். கும்பிடத்தான் இரண்டு கை வேண்டும். கையெழுத்துப் போட என் ஒரு கை போதும்.

உங்கள் மகளுக்கு அம்மா